அறுபதுக்கு மேல் அயல்நாட்டு ஊழியம்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப்பெயர். உலகத்துக்குப் பழக்கமானது மோர்மன் சபை என்ற பெயர்தான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டி அதன் தலைமையிடம். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை அணிந்து இருவர் இருவராக நடந்துபோகும் இளைஞர்களை வைத்தே பலரும் இந்தச் சபையை அடையாளம் காண்கிறார்கள். 2024 முடிவில் 70,000-க்கும் மேற்பட்ட முழுநேர மிஷனரிகள் உலகெங்கும் இருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய ஆண்களும் பெண்களும்.

அதே கறுப்புப் பட்டையை அணிந்த இன்னொரு கூட்டமும் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளைக் கரையேற்றி, பேரன் பேத்தி எடுத்த கணவனும் மனைவியும் சேர்ந்து, வீட்டைப் பூட்டிவிட்டு, அதுவரை பார்த்தே இராத ஒரு நாட்டுக்குப் போய்க் குடியேறுகிறார்கள். மூத்த மிஷனரிகள் என்று சபை இவர்களைக் குறிப்பிடுகிறது. ஆறு மாதத்திலிருந்து 23 மாதம் வரை இவர்களின் ஊழியக் காலம். சம்பளம் கிடையாது, வாடகை, சாப்பாடு எல்லாம் கைக்காசு. நம்மூரில் ஓய்வு பெற்ற பெற்றோர் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவுக்கு விமானம் ஏறுகிறார்கள். இவர்களோ பேரப்பிள்ளைகளை அமெரிக்காவில் விட்டுவிட்டு அங்கிருந்து விமானம் ஏறுகிறார்கள்.

ஜோசப் ஸ்மித் இந்தச் சபையை 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் நிறுவினார். சம்பளம் வாங்கும் குருமார் அதில் இல்லை. கடைக்காரர், ஆசிரியர், விவசாயி என்று யார் வேண்டுமானாலும் சில ஆண்டுகளுக்கு ஆயராக நியமிக்கப்படலாம். ஊழியமும் அப்படித்தான், சாதாரண உறுப்பினர்களின் கடமை. முதல் தலைமுறையில் போனவர்களில் பெரும்பாலோர் குடும்பஸ்தர்கள். மனைவி மக்களை விட்டுவிட்டுத் தனியாகப் போனார்கள். அடிசன் பிராட் என்ற மாலுமி 1843-இல் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றில் புறப்பட்டு, 1844-இல் பசிபிக் கடலின் துபுவாய்த் தீவில் இறங்கினார். அவர் அங்கே இருக்க, மனைவி லூயிசா நான்கு பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, மாட்டு வண்டியில் சமவெளிகளைக் கடந்து யூட்டா வந்து சேர்ந்தார். 1848-இல் குடும்பம் ஒன்றுசேர்ந்தது. மறு ஆண்டே கணவருக்கு மறுபடி அழைப்பு. இந்த முறை லூயிசா பின்தங்கவில்லை. 1850-இல் பிள்ளைகளோடு அவரும் துபுவாய் போனார். தம்பதியாக ஊழியம் என்பதற்கு ஆரம்பகால உதாரணம் தேடினால் இவர்களைத்தான் சொல்ல வேண்டும், இருவரும் அப்போது மூத்தவர்கள் அல்ல என்றாலும்.

திருமணமாகாத பெண்கள் மிஷனரிகளாக அனுப்பப்பட்டது 1898 முதல். இருபதாம் நூற்றாண்டில் ஊழியம் மெல்ல மெல்ல இளைஞர்களின் வேலையாக மாறியது. 2012-இல் ஆண்களுக்கான குறைந்தபட்ச வயது 18 ஆகவும் பெண்களுக்கு 19 ஆகவும் குறைக்கப்பட்டபோது விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. ஆனால் இளைஞர்கள் பெருகப் பெருக, அவர்களைக் கவனித்துக்கொள்ள அனுபவப்பட்டவர்களின் தேவையும் பெருகியது. சபையின் மாநாடுகளில் தலைவர்கள் மேடையேறி, ஓய்வு பெற்றவர்களே வாருங்கள், ஆள் போதவில்லை என்று கேட்பது இன்று வழக்கமாகிவிட்டது.

போக நினைக்கும் தம்பதி முதலில் தங்கள் ஆயரிடம் பேச வேண்டும். அதன்பின், பல சபைகள் சேர்ந்த வட்டாரத்தின் தலைவரோடு நேர்காணல். வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கக் கூடாது. மருத்துவர், பல் மருத்துவர் இருவரிடமும் முழுப் பரிசோதனை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பதாலேயே யாரையும் தள்ளிவிடுவதில்லை. ஆனால் நல்ல மருத்துவமனை பக்கத்தில் இல்லாத நாட்டுக்கு அனுப்பமாட்டார்கள். அமெரிக்க முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், பொதுவாக வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. எனவே தனிக் காப்பீடு எடுத்தாக வேண்டும். மாத்திரை மருந்துகளை மாதக்கணக்குக்கு வாங்கிப் பெட்டியில் அடுக்குவதும், ஊரில் இருக்கும் மகளோ மருமகனோ வீட்டையும் வரி ரசீதுகளையும் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்வதும் பயண ஆயத்தத்தில் பாதி.

செலவு விஷயத்தில் இளையோருக்கு ஒரு கணக்கு, மூத்தோருக்கு வேறு கணக்கு. இளம் மிஷனரி எந்த நாட்டுக்குப் போனாலும் குடும்பம் ஒரே தொகையைக் கட்டினால் போதும். அமெரிக்காவில் அது 2020 ஜூலை முதல் மாதம் 500 டாலர். மூத்த தம்பதி அந்தந்த ஊர் விலைவாசிப்படி முழுச் செலவையும் ஏற்க வேண்டும். ஐரோப்பிய நகரங்களின் வாடகையைக் கேட்டே பலர் பின்வாங்கினார்கள். அதனால் 2011-இல் சபை ஒரு உச்சவரம்பு வைத்தது. குடியிருப்புக்காகத் தம்பதி மாதம் 1,400 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை, மிச்சத்தைச் சபை பார்த்துக்கொள்ளும் என்று அறிவித்தார்கள். விரும்பும் நாட்டையும் வேலையையும் விண்ணப்பத்தில் குறிப்பிடலாம். கேட்டதே கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சபைத் தலைவரின் கையொப்பத்தோடு அழைப்புக் கடிதம் வரும். முன்பெல்லாம் அது பெரிய வெள்ளை உறையில் தபாலில் வந்தது. 2018 முதல் இணையவழியில். பிறகு யூட்டாவின் ப்ரோவோ நகரிலுள்ள பயிற்சி மையம். வேற்றுமொழி பேசப் போகும் இளைஞர்கள் அங்கே வாரக்கணக்கில் இலக்கணத்தோடு மல்லுக்கட்டுவார்கள். மூத்தவர்களுக்கு ஏறத்தாழ ஒரு வாரம்தான். மொழியைக் கற்றே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தச் சலுகைக்கு என்ன விலை என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

மூத்த தம்பதியர் என்ன செய்கிறார்கள், எப்படிக் காலூன்றுகிறார்கள் என்பதை அறிய மங்கோலியாவைப் போல இன்னொரு நாடு இல்லை. காரணம், அந்த நாட்டில் சபையைத் தொடங்கியதே இவர்கள்தாம்.

மங்கோலியாவில் 1990-இல் கம்யூனிச ஒற்றைக்கட்சி ஆட்சி முடிவுக்கு வந்தது. 1992-இல் புதிய அரசியலமைப்பு மதச் சுதந்திரம் அளித்தது. அதே வேளையில் சோவியத் யூனியன் உடைந்து, அதுவரை வந்துகொண்டிருந்த உதவி நின்றது. கடைகளில் தட்டுகள் காலி, உணவுப்பொருளுக்குப் பங்கீட்டு அட்டை, அடிக்கடி மின்வெட்டு. பல்கலைக்கழகங்கள் ரஷ்யப் பாடத்திட்டத்தை விட்டு வெளியேற வழி தேடின. அந்த நேரத்தில் மங்கோலிய அரசுக்குத் தேவைப்பட்டவர்கள் நிர்வாகம், மருத்துவம், கணினி தெரிந்த நிபுணர்கள்; போதகர்கள் அல்ல. சபை தன் ஓய்வுபெற்ற பேராசிரியர்களையும் மருத்துவர்களையும் மனைவியரோடு அனுப்பியது. 1992 செப்டம்பரில் தொடங்கி, ஆறு தம்பதியர் தலைநகர் உலான்பாத்தருக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களை வழிநடத்திய கென்னத் பீஸ்லி, சால்ட் லேக் சிட்டியில் சபை நடத்தும் வணிகக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர்.

உலகத் தலைநகரங்களிலேயே மிகக் குளிரானது உலான்பாத்தர். ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலையே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியைத் தாண்டிவிடும். இரவில் 30, 35 டிகிரி வரை இறங்குவது சாதாரணம். வந்த தம்பதியருக்குக் கிடைத்தவை ரஷ்யர் காலத்து அடுக்குமாடி வீடுகள். இந்த வீடுகளுக்கு வெப்பம் நகரத்தின் மின்நிலையங்களிலிருந்து குழாய் வழியே வெந்நீராக வருகிறது. செப்டம்பர் 15 அன்று திறந்துவிடுவார்கள், மே 15 அன்று நிறுத்துவார்கள். வெளியே குளிர் முந்திவந்தாலும் பிந்திப்போனாலும் அந்தத் தேதிதான் கணக்கு. பழைய கட்டடங்களில் சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ வீட்டுக்காரரிடம் விசையும் இல்லை. உள்ளே புழுங்கினால், வெளியே உறைபனி பொழிந்தாலும் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டியதுதான். கோடையில் குழாய் பழுதுபார்க்கிறோம் என்று வாரக்கணக்கில் வெந்நீர் வராது.

இளைஞன் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தால் எழுந்து தட்டிவிட்டுக்கொள்வான். எழுபது வயதுக்காரருக்கு அது இடுப்பெலும்பு விஷயம். ஊழியக் காலமே அதோடு முடிந்துவிடும். எனவே காலணியின் அடியில் மாட்டும் முள்பட்டையும், சிறு சிறு அடி வைத்து நடக்கும் பழக்கமும் வேதப் புத்தகத்துக்கு முன்னால் வந்துவிடுகின்றன. நுரையீரலும் ஒரு சோதனை. நகரத்தின் விளிம்பில், கெர் என்னும் வட்டக் கூடாரங்களில் வாழும் மக்கள் குளிருக்கு அடுப்பில் நிலக்கரி எரிப்பார்கள். பள்ளத்தாக்கில் அமைந்த ஊர் என்பதால் புகை கலையாமல் தங்கிவிடும். 2019-இல் பதப்படுத்தாத நிலக்கரியை நகருக்குள் தடை செய்த பிறகும் பிரச்சினை முழுவதும் தீரவில்லை.

அடுத்தது மொழி. மங்கோலிய மொழியைச் சிரிலிக் எழுத்தில் எழுதுகிறார்கள். ஒட்டுநிலை மொழி, வேர்ச்சொல்லின் பின்னால் விகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும், வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வரும். தமிழர் கற்கப் போனால் அந்த வாக்கிய அமைப்பில் மிரள ஒன்றுமில்லை. ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர்களுக்கு அது தலைகீழ். எழுத்தைக் கூட்டிப் படிக்கவும், எண்களைச் சொல்லவும், நலம் விசாரிக்கவும் கற்றுக்கொண்டு பெரும்பாலோர் அதோடு நின்றுவிடுகிறார்கள். மற்றதற்கு மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலம் படித்த உள்ளூர் மாணவர்தான் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்வார். நாற்பது ஆண்டு வகுப்பறையில் முழங்கிய பேராசிரியர் சந்தையில் உருளைக்கிழங்கு வாங்க இருபது வயதுப் பெண்ணின் துணையோடு நிற்கும் நிலை எளிதில் பழகிவிடுவதல்ல.

சாப்பாட்டில் ஒரு தனிச் சிக்கல். மோர்மன் சபையினர் 1833 முதல் இருந்துவரும் ஒரு நியமப்படி மது, புகையிலை, காப்பி, தேநீர் நான்கையும் தொடமாட்டார்கள். மங்கோலியர் வீட்டில் காலடி வைத்ததும், வந்த காரியம் கேட்பதற்கு முன்பே, உப்பும் பாலும் சேர்த்துக் காய்ச்சிய தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டுவார்கள். கோடையில் போனால் ஐராக். பெட்டைக் குதிரையின் பாலைப் புளிக்கவைத்தது, லேசான போதை உள்ளது. பண்டிகை நாளென்றால் வோட்கா. ஆக, விருந்தினருக்கு அந்த வீடு தரும் முதல் மரியாதைகள் எல்லாமே இவர்கள் நியமத்தில் விலக்கப்பட்டவை. வேண்டாம் என்று கையை ஆட்டுவது அவமதிப்பு. கிண்ணத்தை வலக்கையால் வாங்கி, இடக்கையால் முழங்கையைத் தாங்கி, உதட்டருகே கொண்டுபோய்விட்டுக் கீழே வைத்துவிட்டால் மரியாதை குறையாது என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். தேயிலை போடாமல் வெந்நீரில் பாலை ஊற்றித் தரும் ஹ்யாரம் என்ற பானமும் மங்கோலியரிடம் உண்டு. சபையில் சேர்ந்த வீடுகளில் அது கைகொடுக்கிறது. ஆட்டிறைச்சியை மாவில் பொதிந்து ஆவியில் வேகவைத்த பூஸ், கல்போல் காய்ந்த தயிர்க்கட்டியான ஆருல் ஆகியவற்றுக்கு நியமத்தில் தடையில்லை. தடை பல்லுக்குத்தான், செயற்கைப் பல் கட்டியவர் ஆருலைக் கடிக்காமல் வாயில் ஊறவைத்துக்கொள்வது நல்லது.

இத்தனை சிரமங்களுக்கு நடுவில் மூத்தவர்களுக்கு வயதே ஒரு துணையாக நின்றது. மங்கோலியர் முதியோரை மதிப்பவர்கள். கெர் கூடாரத்தின் வாசல் எப்போதும் தெற்கு நோக்கியிருக்கும்; அதற்கு நேர் எதிரே வடபுறம் மரியாதைக்குரிய இடம். வயதான விருந்தாளியை அங்கேதான் உட்காரவைப்பார்கள். குளிர்காலம் முடியும் தறுவாயில் வரும் சகான் சார் புத்தாண்டில் இளையோர் மூத்தோர் வீடு தேடிப் போவார்கள். மூத்தவர் நீட்டிய கைகளைக் கீழிருந்து தன் கைகளால் தாங்கி வணக்கம் சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த நரைத்த தலைகளுக்கும் அந்த மரியாதை கிடைத்தது. பத்தொன்பது வயது மிஷனரி எவ்வளவு அழகாக மொழி பேசினாலும் பெறமுடியாத கவனத்தை, பேசத் தெரியாத தாத்தா பாட்டி பெற்றார்கள்.

மங்கோலியர் முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்றது 1993 பிப்ரவரியில். அந்த ஆண்டே இளம் மிஷனரிகளும் வரத் தொடங்கினர். 1995-இல் மங்கோலியா தனி மிஷன், அதாவது தனி ஊழியப் பகுதி, ஆனபோது அதன் முதல் தலைவரான ரிச்சர்ட் குக், ஃபோர்டு கார் நிறுவனத்தில் நிதி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி மேரியோடு 1993-இலிருந்தே அங்கே இருந்தார். 2009-இல் உள்ளூர்த் தலைவர்களின் பொறுப்பில் முதல் வட்டாரம் அமைந்தது. இன்று ஏறத்தாழ 35 லட்சம் மக்கள்தொகையில் சபையினர் 12,000 பேரை ஒட்டி இருக்கிறார்கள். வீடு வீடாகக் கதவு தட்டும் வழக்கம் அங்கே இல்லை. மிஷனரிகள் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆங்கிலம் கற்பிக்கும் ஏற்பாட்டின் பேரில் தங்குகிறார்கள்.

மங்கோலியா தனிக் கதை. பெரும்பாலான நாடுகளில் மூத்த தம்பதியின் அன்றாடம் இவ்வளவு வரலாற்றுச் சிறப்போடு அமைவதில்லை. பலருக்கு மிஷன் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. கணவர் வாகனங்களின் காப்பீட்டையும் பழுதையும் பார்ப்பார். மனைவி கணக்கு எழுதுவார், விசா தேதிகளைக் கவனிப்பார், புதிதாக வரும் இளைஞர்களுக்குப் படுக்கை வாங்கிப் போடுவார். இளம் மிஷனரிகள் தங்கும் வாடகை வீடுகளைச் சுற்றிப் பார்த்து, சமையலறையின் அழுக்கையும் புகை எச்சரிக்கைக் கருவியின் பேட்டரியையும் சோதிக்கும் வேலை ஒரு தம்பதிக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். செவிலியராக இருந்த பெண் தொலைபேசியில் வயிற்றுப்போக்குக்கும் நகச்சுற்றுக்கும் வைத்தியம் சொல்வார். வீட்டை நினைத்து அழும் பிள்ளைக்குச் சூப் வைத்துக் கொடுப்பது எந்தப் பணிப்பட்டியலிலும் இல்லை. ஆனால் அதைச் செய்யாத தம்பதி இருக்கமாட்டார்கள். இளம் மிஷனரிகள் 2019 வரை ஆண்டுக்கு இரண்டு முறை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும்தான் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசமுடிந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் வாரம் ஒருமுறை பேச அனுமதி வந்தது. அதற்கு முந்தைய காலத்தில் அலுவலகத் தம்பதி எத்தனை பிள்ளைகளுக்கு அம்மா அப்பாவாக இருந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

வேறு சிலர் ஆவணக் காப்பகங்களுக்குப் போகிறார்கள். இறந்துபோன முன்னோருக்காகவும் ஞானஸ்நானம் பெறலாம் என்பது இந்தச் சபையின் கொள்கை. அதற்காக உலகெங்கும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் படமெடுத்துச் சேர்த்துவைத்தார்கள். அப்படிச் சேர்ந்த 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களை எண்ணியல் வடிவுக்கு மாற்றும் பணி 2021-இல் முடிந்தது. இன்றும் மாதாகோவிலின் பின்னறையிலோ நகராட்சிக் கிடங்கிலோ உட்கார்ந்து, பூச்சி அரித்த பேரேட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் கேமராவில் பதியும் தம்பதியர் உண்டு. சக்கர நாற்காலி வழங்குதல், குடிநீர்க் கிணறு, பிறந்த குழந்தைக்கு மூச்சுத்திணறினால் உயிர்ப்பிக்கும் பயிற்சி ஆகிய மனிதநேயத் திட்டங்களை உள்ளூர் அரசோடும் மருத்துவமனைகளோடும் சேர்ந்து நடத்துவோர் மற்றொரு பிரிவு. 2023-இல் இத்தகைய உதவிகளுக்குச் சபை செலவிட்டதாக அறிவித்த தொகை 136 கோடி டாலர்.

இளையோருக்கு உள்ள கெடுபிடி மூத்தோருக்கு இல்லை. காலை ஆறரைக்கு எழு, இரவு பத்தரைக்கு விளக்கை அணை என்ற அட்டவணை இவர்களைக் கட்டுப்படுத்தாது. பேரனோடு எப்போது வேண்டுமானாலும் பேசலாம். குடும்பத்தில் முக்கியமான நிகழ்வு என்றால் சொந்தச் செலவில் சில நாள் போய்வரவும் அனுமதி உண்டு. ஆனால் இளையோருக்கு இருக்கும் ஒரு வசதி இவர்களுக்கு இல்லை. இளம் மிஷனரிகளின் ஜோடியைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒத்துவராத கூட்டாளி சீக்கிரம் மாறிவிடுவார். மூத்தவருக்குக் கூட்டாளி, நாற்பது ஆண்டாக இருக்கும் அதே ஆள்.

இதை வேடிக்கையாகச் சொன்னாலும், காலூன்றுவதில் இது முக்கியமான பகுதி. பணிக்காலம் முழுவதும் பகலில் பிரிந்திருந்தவர்கள், இரண்டு அறை வீட்டில், ஒரே மேசையில், ஒரே காரில், நாள் முழுவதும் சேர்ந்திருக்க வேண்டும். வேலையின் அமைப்பும் பல நேரங்களில் தலைகீழாகிவிடுகிறது. நிறுவனம் நடத்தியவருக்கு டயர் எண்ணும் வேலை கிடைக்க, வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி அலுவலகத்தின் அச்சாணி ஆகிவிடுவார். உள்ளூர்ச் சபைகளுக்கு ஆலோசனை சொல்லப் போகிறவர்களுக்கு இன்னொரு சோதனை. அங்கே கிளைத் தலைவர் இருபத்தைந்து வயது இளைஞராக இருக்கலாம். கூட்டம் தாமதமாகத் தொடங்கும், கணக்கு சரியாக இருக்காது. தானே இழுத்துப்போட்டுச் செய்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். செய்துவிட்டால், தம்பதி ஊர் திரும்பிய மறுமாதம் அந்தக் கிளை மறுபடி பழைய நிலைக்கே போய்விடும். அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்காரத் தெரிந்தவர்களே பயன்படுகிறார்கள். ஓய்வுபெற்ற மேலாளர்களுக்கு அது சுலபத்தில் வருவதில்லை.

தூரத்தின் வலி வேறு வகையில் தெரியும். குளிர்காலத்தில் உலான்பாத்தர் யூட்டாவைவிட 15 மணி நேரம் முந்தியிருக்கும். உலான்பாத்தரில் ஞாயிறு காலை எட்டு மணி என்றால் யூட்டாவில் சனி மாலை ஐந்து. பேத்தி பிறந்ததை வீடியோவில் பார்த்துவிடலாம், தூக்க முடியாது. இன்று 65 வயதுக்காரருக்கு 90 வயதில் தாய் உயிரோடு இருப்பது சகஜம். போகலாமா வேண்டாமா என்ற முடிவில் பணத்தைவிடப் பெரிய தடை பலருக்கு அந்தத் தாய்தான்.

எல்லாரும் இவர்களை ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. சோறும் ஆங்கிலமும் மருத்துவமும் கொடுத்து மதத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு மிஷனரிகள் இருக்கும் இடமெல்லாம் உண்டு. மங்கோலியாவில் பௌத்த மடங்கள் 1930-களின் இறுதியில் ஸ்டாலினியக் கொடுமையில் அழிக்கப்பட்டவை. அவை எழுந்து நிற்கும் முன்பே வெளிநாட்டுச் சபைகள் பணத்தோடு வந்திறங்கியதில் அங்கே பலருக்கு வருத்தம் இருந்தது. 1993-இல் இயற்றப்பட்ட மதச் சட்டத்தின் பின்னணியில் அந்தக் கவலையும் இருந்தது. மனிதநேயத் திட்டங்களில் மத வேறுபாடு பார்ப்பதில்லை, உதவிக்குப் பதிலாக மதமாற்றம் கேட்பதில்லை என்பது சபையின் நிலைப்பாடு. ஆயினும் கிணறு வெட்டித் தந்தவரின் நெஞ்சில் சபையின் பெயர் எழுதியிருக்கிறதே என்ற கேள்விக்கு அது முழு விடையாகாது. நிபுணத்துவமும் ஒரு கேள்வி. 18 மாதத்தில் திரும்பிவிடும் தம்பதி, அந்த ஊரை அரைகுறையாகப் புரிந்துகொள்ளும் நேரத்தில் புறப்பட வேண்டியிருக்கிறது. அடுத்த தம்பதி வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இந்தச் சபைக்கும் உள்ள தொடர்பு பழையது. 1852 ஆகஸ்டில் சால்ட் லேக் சிட்டியில் நடந்த மாநாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட ஆண்களை உலகின் பல திசைகளுக்கு நியமித்தார்கள். அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் பாலன்டைன் 1853-இல் சென்னைப் பட்டினத்தில் வந்து இறங்கினார். சபையின் ஞாயிறு பள்ளியை 1849-இல் தொடங்கிவைத்தவர் அவர். மனைவி யூட்டாவில். சென்னையில் பத்திரிகை அச்சிட்டும் துண்டுப்பிரசுரம் விநியோகித்தும் ஓராண்டு முயன்று, விரல்விட்டு எண்ணும் அளவு பேரை மட்டும் சேர்த்துவிட்டு, நலம் குன்றித் திரும்பினார். அவரை அனுப்பிய அதே மாநாட்டில்தான் சபை தன் பலதார மணக் கொள்கையையும் வெளிப்படையாக அறிவித்தது. அந்தச் செய்தி அவர் போன இடமெல்லாம் பின்தொடர்ந்தது. அந்தக் கொள்கையைச் சபை 1890-இல் கைவிட்டது. பாலன்டைன் வந்துபோய் நூறு ஆண்டுக்குப் பின் கோயம்புத்தூரைச் சேர்ந்த பால் திருத்துவதாஸ் தானாகவே கடிதம் எழுதிச் சபையோடு தொடர்புகொண்டு, 1965-இல் ஞானஸ்நானம் பெற்று, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தினார்.

இந்தியாவிலும் சபை வேரூன்றியதில் தம்பதியர் பங்கு பெரிது. சமோவாத் தீவில் பணியாற்றிய எட்வின் தர்மராஜும் மனைவி எல்சியும் 1977-இல் அங்கே சபையில் சேர்ந்தார்கள். 1978 டிசம்பரில் குறுகிய கால மிஷனரிகளாகச் சொந்த ஊரான ஹைதராபாதுக்கே அனுப்பப்பட்டு, உறவினர் பலரைச் சபையில் சேர்த்தார்கள். ஊரைவிட்டுத் தூரம் போனவர்கள், ஊழியத்துக்காக ஊருக்கே திரும்பிய அபூர்வமான உதாரணம் இது. 1993-இல் பெங்களூரு மிஷன் அமைந்தது. 2018-இல் அங்கே சபையின் முதல் இந்திய ஆலயம் அறிவிக்கப்பட்டு, 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. சென்னையிலும் கோவையிலும் சிறு சபைகள் நடக்கின்றன. அமெரிக்கத் தம்பதியருக்கு வெயிலும், காரமும், வாகன நெரிசலும் இங்கே உலான்பாத்தரின் குளிர் செய்த வேலையைச் செய்கின்றன. காப்பியோ தேநீரோ வேண்டாம் என்று சொல்லும் சங்கடம் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

ஊழியக் காலம் முடிந்து ஊர் திரும்பியதும், வட்டாரத் தலைவர் முறைப்படி விடுவித்த பிறகே பெயர்ப்பட்டையைக் கழற்ற வேண்டும். அடுத்து வரும் ஞாயிறுகளில் ஒன்றில் சபைமுன் பேச அழைப்பார்கள். பூட்டிக்கிடந்த வீட்டில் குழாய் வெடித்திருக்கும், காரின் பேட்டரி செத்திருக்கும், கடைசிப் பேரன் அடையாளம் தெரியாமல் மிரள்வான். ஊர் பழக ஒன்றிரண்டு மாதம் ஆகும். அதற்குப்பின் கணிசமானோர் மறுபடி விண்ணப்பிக்கிறார்கள். மூன்று, நான்கு நாடுகளில் இருந்துவந்த தம்பதியர் சபையில் அரிதல்ல. உடல் இடம்கொடுக்காதவர்களுக்கு வீட்டிலிருந்தே செய்யும் பணிகள் உண்டு: காப்பகங்களிலிருந்து வந்த பதிவேட்டுப் படங்களைப் படித்துப் பெயர்களைத் தட்டச்சு செய்வது, சபையின் இணையவழிக் கல்வித் திட்டத்தில் ஆப்பிரிக்க, ஆசிய மாணவர்களுக்கு வழிகாட்டுவது போன்றவை. இத்தகைய உள்ளூர்ப் பணிகளில் இருக்கும் மூத்தோரின் எண்ணிக்கை, வெளிநாடு போகிறவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.